லெட்சுமியா, லக்ஷ்மியா?

பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தைத் தேடுமுன் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரப் (ஓ/எல்) பெறுபேறு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நாற்பது, ஐம்பது வயதில் படிக்கக் கிளம்பும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களை முதலில் மடக்குவது இந்தத் தாள்கள்தான். பிறப்புப் பதிவில் ‘லெட்சுமி’, அட்டையில் ‘லக்ஷ்மி’, பெறுபேற்றில் தகப்பன் பெயரின் முதலெழுத்தே வேறு. பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டுப் போயிருப்பார். கலியாணத்துக்குப் பிறகு புருசன் பெயரைச் சேர்த்து அட்டை எடுத்திருந்தால் இன்னுமொரு முடிச்சு.

திருத்துவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பிறப்புச் சான்றிதழ். பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரைப் பார்க்க வேண்டும். பிறகு கிராம உத்தியோகத்தர் வழியாக அடையாள அட்டை. தலைகீழாகச் செய்தால் அட்டையை இரண்டாம் முறையும் எடுக்க நேரும். பழைய பெறுபேற்றில் உள்ள சின்ன வித்தியாசத்துக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) முடிக்கலாம். பிறப்புப் பதிவே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ். இதற்கெல்லாம் மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். விண்ணப்பம் கோரிய பிறகு கந்தோர் கந்தோராக (அலுவலகம் அலுவலகமாக) ஓடினால் முடிவுத் திகதி தாண்டிவிடும். படிவத்தில் அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். பரீட்சை மண்டபத்தில் பார்ப்பது அதைத்தான்.

உயர்தரம் (ஏ/எல்) படிக்காதவர்களுக்கு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் அடிப்படைப் பாடநெறிதான் வாசல். 18 வயது நிறைந்திருந்தால் போதும், மேல் எல்லை கிடையாது. கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லயில் இருக்கிறது; ஹட்டனிலும் கற்கை நிலையம் உண்டு. விரும்பும் பாடநெறி தமிழில் எந்த நிலையத்தில் நடக்கிறது என்று கேட்ட பிறகே காசு கட்டுங்கள். உயர்தரத்தில் மூன்று பாடம் சித்தியென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிக் கலைப்பட்டத்தையும் யோசிக்கலாம். 1999 வரை எழுதியவர்களின் பெறுபேற்றில் நான்கு பாடம் இருக்கும், பிழையென்று பயப்பட வேண்டாம். மூன்று பாட முறை 2000இல்தான் வந்தது.

காசு விசயம்: பெண்களுக்கு 50 வயதில் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) பணம் எடுக்கலாம். அதில் முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். பஸ்சுக்கும் போட்டோ கொப்பிக்கும் மாதாமாதம் போகும் காசுதான் பலரைப் பாதியில் நிறுத்துகிறது.

திறந்த பல்கலைக்கழகத்தில் இறுதிப் பரீட்சைக்கு உட்கார, இடையில் வரும் ஒப்படைகளிலும் (எழுதி ஒப்படைக்கும் பயிற்சிகள்) தேர்வுகளிலும் தகுதி பெற்றிருக்க வேண்டும். பிள்ளைக்குச் சுகமில்லை, கோயில் தேர், மழைக்குப் பாதை சரிந்தது என்று ஒன்றிரண்டு ஒப்படையை விட்டவர்கள் கடைசியில் எல்லாம் படித்தும் வெளியே நிற்கிறார்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலாகவே அனுப்புங்கள். அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) சிக்னல் கிடைக்காதென்றால் சந்திக்குப் போகும்போதே பாடக் கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம்.

எழுதும் கையை யாரும் நினைப்பதில்லை. இருபது வருடமாகக் கொழுந்து பறித்த விரலுக்கு மூன்று மணி நேர விடைத்தாள் லேசில்லை. இரண்டாம் கேள்வியிலேயே மணிக்கட்டு இறுகிவிடும். பரீட்சைக்கு ஆறு மாதம் முன்பிருந்தே பேப்பர் செய்தியைப் பார்த்து இரவில் இருபது நிமிடம் எழுதுங்கள், மெல்ல ஒரு மணி நேரத்துக்குக் கூட்டுங்கள். பேனா தடித்ததாக இருக்கட்டும். கறையேறி வெடித்த விரலில் மெல்லிய பேனா வழுக்கும்.