பழைய சிடிஆர் கோப்பு: முதலில் எழுத்துரு, பிறகு மென்பொருள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டக் கோயில் ஒன்றின் திருவிழா அழைப்பிதழ்கள் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் செய்தவை. அதன் கோப்புதான் சிடிஆர். அந்தக் கணினி போய்விட்டது. சிடியில் கோப்புகள் மட்டும் மிச்சம். அவற்றை இலவச மென்பொருளில் திறந்து அச்சுக்குக் கொடுத்த முறை இது.

முதலில் கோப்பைப் பிரதி எடுத்து, பிரதியை நோட்பேடில் திறந்து பாருங்கள். தொடக்கத்தில் ஆர்-ஐ-எஃப்-எஃப் என்றும், சற்றுத் தள்ளி சிடிஆர்9 என்றும் இருந்தால் அது 9ஆம் பதிப்பு. 10 முதல் எண்ணுக்குப் பதில் ஏ, பி, சி என்று வரும். பி-கே என்று தொடங்கினால் எக்ஸ்4 அல்லது அதற்குப் பிந்தியது. இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் பெயரில்தான் சிடிஆர். அப்படியானால் எந்த மென்பொருளை மாற்றினாலும் திறக்காது.

லிப்ரே ஆபிஸ் டிரா, இங்க்ஸ்கேப் ஆகிய இலவச வரைகலை மென்பொருள்கள் இரண்டும் சிடிஆரைப் படிக்க ஒரே நிரல் தொகுப்பைத்தான் நம்பியிருக்கின்றன. ஒன்றில் உடைந்தது மற்றதில் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். பல பக்கக் கோப்புக்கும், எழுத்தைத் திருத்தவும் டிரா நல்லது, பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் 6.5, 7 கோப்புகளையும் அது திறக்கும். ஒற்றைப் பக்கப் படத்துக்கு இங்க்ஸ்கேப். நிழல், லென்ஸ் போன்ற அலங்காரங்கள் பெரும்பாலும் விழுந்துவிடும். புதிதாகப் போடத்தான் வேண்டும்.

உண்மையான தொல்லை தமிழ் எழுத்து. பழைய எழுத்துருக்கள் இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடு அல்ல. அதே எழுத்துரு இல்லையென்றால் முருகன் பெயர்கூட ஆங்கிலக் குறிகளாகக் கொட்டும். டிராவில் எழுத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்: எழுத்துருவின் பெயர் சாய்ந்து தெரிந்தால் அது கணினியில் இல்லை. பழைய கணினியின் விண்டோஸ் வட்டு கிடைத்தால் அதன் ஃபான்ட்ஸ் உறையிலிருந்து டிடிஎஃப் என்று முடியும் எழுத்துருக் கோப்பை எடுத்து நிறுவுங்கள். பிஎஃப்பி என்று முடியும் டைப் 1 எழுத்துருவை லிப்ரே ஆபிஸ் 5.3 முதல் ஏற்பதில்லை. ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற இலவச எழுத்துரு மென்பொருளில் டிடிஎஃப்பாக மாற்றிக்கொள்ளலாம்.

யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்துரு எந்தப் பழைய தமிழ்க் குறியீட்டில் உள்ளது, திஸ்கியா (TSCII), டாபா (TAB), டாமா (TAM) என்று சரியாகக் குறியுங்கள். திஸ்கியில் ‘இ’ 173ஆம் இடத்தில் இருக்கிறது. மற்ற மென்பொருள்களுக்கு அந்த இடம் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடு. அதனால் நகலெடுக்கும்போது ‘இ’ மட்டும் காணாமல் போகலாம். ‘இரவு’, ‘இடம்’ இரண்டும் அழைப்பிதழில் கட்டாயம் வரும், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

அச்சுக்கு ஸ்கிரைபஸ் 1.6 என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருள். திறந்த கோப்பில் நிறங்கள் ஆர்ஜிபியாக, அதாவது திரைக்கான நிறங்களாக வரும். கறுப்பு எழுத்து நான்கு மையும் கலந்து, அச்சில் விளிம்பு மங்கும். எழுத்துக்குக் கறுப்பு 100, மற்ற மூன்றும் 0 என்று வைத்து, எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் எடுத்து அச்சகத்துக்குக் கொடுங்கள்.