32ஆம் எண் ஒலிப்பதிவு

“பதிவாகிறதா?” என்று அந்த அம்மா ஸ்பானிஷில் கேட்கிறார். “ஆகிறது. பெயரெல்லாம் சொல்ல வேண்டாம் அம்மா” என்கிறாள் மகள். சற்று நேரம் பேச்சில்லை. எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. பிறகு அவர் தன் பெயரைச் சொல்கிறார். அப்பா வழிக் குடும்பப் பெயர், அம்மா வழிக் குடும்பப் பெயர் இரண்டையும் சேர்த்து, நிறுத்தி நிதானமாக. அடுத்து ஊர்ப் பெயர். அதன் பிறகுதான் எல்லை தாண்டிய கதை.

அந்தப் பதிவை அழித்தவள் நான்.

அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வழியினரைப் பற்றிய லத்தினோ ஆய்வுகள் வகுப்பு மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களைப் பேட்டி கண்டு எங்கள் நூலகக் காப்பகத்தில் சேர்ப்பார்கள். கேட்டுப் பட்டியலிடுவது என் வேலை. 2017 செப்டம்பர் 5 அன்று டாகா திட்டத்தை முடித்துக்கொள்வதாக அமெரிக்க அரசு அறிவித்தது. சிறுவயதில் ஆவணமின்றி அழைத்துவரப்பட்டு, 2012 முதல் அதன்கீழ் இரண்டிரண்டு ஆண்டுகளாகப் பாதுகாப்பும் வேலை அனுமதியும் பெற்றுவந்தவர்கள் ஏறக்குறைய 7 லட்சம் பேர். அடுத்த மார்ச் 5க்குள் அனுமதி முடிகிறவர்கள் மட்டும் அக்டோபர் 5க்குள் புதுப்பித்துக்கொள்ளலாம். கட்டணம் 495 டாலர். லத்தினோ மாணவர் சங்க அறையில் விண்ணப்பம் நிரப்பவும் பணம் திரட்டவும் இரவு வெகுநேரம் விளக்கெரிந்தது.

அந்த வாரத்தில்தான் அவள் வந்தாள். “அம்மாவின் பேட்டியை எடுத்துவிட வேண்டும்.”

25 ஆண்டுகளுக்கு யாருக்கும் தராமல் பூட்டி வைக்கலாம் என்றேன்.

“நீதிமன்றம் கேட்டால்?”

இந்த இடத்துக்குத்தான் நான் திரும்பத் திரும்ப வருகிறேன். வட அயர்லாந்து மோதலில் ஆயுதம் ஏந்தியவர்களிடம் பாஸ்டன் கல்லூரி சேகரித்த பெல்பாஸ்ட் பேட்டிகள் எனக்கு நினைவுக்கு வந்தன. பேசியவர்கள் உயிரோடிருக்கும்வரை ரகசியம் என்று வாக்குக் கொடுத்துப் பதிவு செய்தார்கள். 2011இல் சம்மன் வந்தது. பிறகு சில பதிவுகள் காவல்துறையிடம் போய்ச் சேர்ந்தன. “கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும்” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஒரு வகுப்புப் பேட்டியைத் தேடி யாரும் வரப்போவதில்லை என்பதும் ஏறக்குறைய உண்மைதான். அதை நான் சொல்லவில்லை.

“அப்படியென்றால் அழித்துவிடுங்கள்.”

கணினியிலும் அழித்தேன், காப்புப் பிரதியிலும் அழித்தேன். ஒப்புதல் படிவத்தைக் கிழிக்கும் இயந்திரத்தில் விட்டேன். அம்மாவின் கையெழுத்து கீற்றுக் கீற்றாக விழுவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு பிரதி வேண்டுமா என்று முன்னதாகவே கேட்டிருந்தேன். தன் கைப்பேசியில் இருந்ததையும் அழித்துவிட்டதாகச் சொன்னாள்.

கேட்காமல் விட்டது வேறொன்று: “அம்மா என்ன சொல்கிறார்?”

படிவத்தில் கையெழுத்திட்டவர் தாய். திரும்பப் பெறுவதற்கும் அவர் கையெழுத்துதான் வேண்டும். விதி அதுதான், விதியாக அது சரியும்கூட. ஆனால் அந்த வாரத்தில், வீட்டுக் கதவைத் தட்டினாலே நடுங்கும் ஒரு பெண்ணை, பல்கலைக்கழக அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று அழைப்பதா? டாகா மகளுக்குத்தான், அந்த அம்மாவுக்கு எந்தத் திட்டமும் எந்த நாளும் இருந்ததில்லை. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் டாகாவை முடித்த விதம் செல்லாது என்றபோதும் அவர் நிலை மாறவில்லை. இப்படி எண்ணும்போது நான் செய்தது சரி என்றே படுகிறது. உடனே அந்தக் குரல் வருகிறது. வேண்டாம் என்று மகள் சொல்லியும் முழுப் பெயரைச் சொன்னவர் அவர். துணிந்துதான் சொன்னாரா, ஆபத்து தெரியாமல் சொன்னாரா? துணிந்துதான் என்றால், மகளும் நானுமாகச் சேர்ந்து அவர் பேச்சை வாங்கிக்கொண்டுவிட்டோம்.

எங்கள் பெட்டிகளில் 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளிகளிலிருந்து மாணவர்கள் வெளிநடப்புச் செய்த காலத்துத் துண்டறிக்கைகள் இருக்கின்றன. 1969 ஏப்ரலில் சாந்தா பார்பராவில் கூடி, சிக்கானோ (மெக்சிக வழி அமெரிக்கர்) ஆய்வுகளுக்குத் திட்டம் வகுத்து, மெச்சா மாணவர் அமைப்பைத் தொடங்கியவர்களின் தாள்களும் இருக்கின்றன. எங்கள் மக்களின் வரலாற்றையும் கற்பியுங்கள் என்று போராடித்தான் இந்தத் துறையே வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி வந்து, “தலைவர்களின் பேச்சு நிறைய இருக்கிறது, தாய்மார் பேசியது எங்கே?” என்றாள். பேட்டிப் பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். அவள் விரல் 31இல் நின்றது. அடுத்தது 33. “32?” என்று கேட்டாள். விலக்கிக்கொள்ளப்பட்டது என்றேன்.

இப்போது பேட்டிக்கு முன்பே ஆபத்துகளை விளக்கிச் சொல்கிறேன். பெயரில்லாமலும் பேசலாம் என்கிறேன். இதுவே நேர்மை என்று நம்புகிறேன். அப்படிச் சொல்லத் தொடங்கிய பிறகு தாய்மாரின் பேட்டிகள் குறைந்துவிட்டன.

அம்மா இன்னொரு முறை பேசுவாரா என்று கேட்டு, அந்த மகளுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்தேன். அனுப்பலாம் என்றிருந்தபோது 2025 ஜூன் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் குடியேற்ற அதிகாரிகள் வேலையிடங்களுக்குள் புகுந்து ஆட்களைப் பிடித்துச் சென்றார்கள்; தேசியக் காவல் படையும் நகரில் இறங்கியது. அன்று அழித்தது நல்லதாயிற்று என்று நினைத்தேன். மின்னஞ்சலை மட்டும் இன்னும் அழிக்கவில்லை. அதில் அந்த அம்மாவின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் “உங்கள் அம்மா” என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.