மெழுகுச் செலவு

13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல அரசாங்கம் எவ்வளவு எழுதித் தள்ளுச்சுன்னு தெரியணுமா? ஒவ்வொரு உத்தரவுக்கும் மெழுகுல முத்திரை குத்துவாங்க, அதனால முத்திரை மெழுகுக் கணக்கைப் பாருங்க. மூன்றாம் ஹென்றி ஆட்சி, 1220களின் கடைசி: அரச முத்திரைக்கு வாரம் சராசரியா 3.6 பவுண்டு எடை மெழுகு. 1260களின் கடைசியில கிட்டத்தட்ட 32 பவுண்டு! ஒன்பது மடங்கு. ஆட்டுத்தோல்ல லத்தீன்ல நாலு வரி, கீழே தொங்குற நாக்கு மாதிரி துண்டுல முத்திரை. அவ்வளவுதான் ரிட், அதாவது ராஜா பேர்ல போற எழுத்து உத்தரவு.

இது எல்லாமே ராஜா தானா போட்ட உத்தரவு இல்ல. "என் நிலத்தைப் பிடுங்கிட்டான்"னு ஒருத்தர் போய்க் காசு கட்டினா, 12 பேரைக் கூட்டி விசாரிக்க ஏற்பாடு பண்ணுன்னு ஷெரீஃப்புக்கு (மாவட்டத்துல ராஜாவோட அதிகாரி) ரிட் போகும். எதிராளி பெரிய பிரபுவா இருந்தாலும் சரி. நல்ல ஏற்பாடுதான், ஆனா அந்த நிலத்துல உழைச்ச பண்ணையடிமை இந்த ரிட்டைக் கேட்டு வாங்கவே முடியாது.