பாறை வெடிப்பில் நிற்கும் சீடர் மரங்கள்

ரொறன்ரோவிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் புரூஸ் தீபகற்பத் தேசியப் பூங்காவுக்கு இதற்கு முன்னர் இரண்டு தடவைகள் போயிருக்கிறேன். இரண்டும் கோடைகாலச் சனிக்கிழமைகள். குகையையும் நீலத் தண்ணீரையும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். சென்ற செப்ரெம்பர் கடைசியில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு வார நாளில் மூன்றாவது தடவையாகப் போனபோதுதான், தண்ணீருக்கு மேலே பாறை விளிம்பில் நிற்கும் மரங்களைக் கவனித்தேன்.

பூங்காவுக்குள் இருக்கும் சைப்பிரஸ் ஏரிப் பக்கம் வாகனத்தை நிறுத்துவதற்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்தாலும் நான்கு மணி நேரம்தான் தருவார்கள் என்பது பலருக்குக் குறையாக இருக்கிறது. கோடையில் குகை இருக்கும் கரையில் கால் வைக்க இடமில்லாமல் மக்கள் நெருக்குவதைக் கண்டவன் என்ற முறையில், அந்தக் கட்டுப்பாடு சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

வண்டியை விட்டு இறங்கியதும் காடு தொடங்கிவிடுகிறது. பேர்ச், மேப்பிள், சீடர் மரங்களுக்கு நடுவே போகும் பாதை முதலில் அகலமாகவும் சமமாகவும் இருந்தது. கைத்தடி ஊன்றி நடக்கும் அம்மாவுக்கு அதில் சிரமம் இருக்கவில்லை. ஒன்ராறியோ மாகாணத்தில் எஞ்சியிருக்கும் ஒரே நச்சுப் பாம்பான மசசாகா இந்தக் காட்டில்தான் வாழ்கிறது என்ற செய்தியை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் ஆறுதலாக நடந்த பின், மரங்கள் சட்டென்று விலகி, ஹியூரன் ஏரியின் ஒரு பகுதியான ஜோர்ஜியன் விரிகுடா முன்னால் விரிந்தது. அம்மா அதைக் கடல் என்றே சொன்னார். மறுகரை தெரியாத தண்ணீருக்கு எங்கள் ஊரில் வேறு பெயர் கிடையாது.

கரை முழுவதும் வெளிறிய பாறை. நயாகரா அருவி பாயும் அதே பாறைத் தொடர்தான் இங்கே வரை வந்து, செங்குத்தான சுவராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இந்த இடம் வெப்பமான, ஆழமில்லாத கடலாக இருந்தபோது படிந்த சுண்ணாம்பு, பின்னர் மக்னீசியம் ஏறி டொலமைற் கல்லாக இறுகியது என்கிறார்கள். புகழ்பெற்ற அந்தக் குகையை அலைகள் குடைந்திருக்கின்றன. அதன் அடியில் நீருக்குள் ஒரு வாய் இருப்பதால் வெளிச்சம் கீழிருந்து பச்சையும் நீலமுமாக எழுகிறது. குகைக்குள் இறங்கும் வழி அம்மாவின் முழங்காலுக்கு ஒத்துவராது என்பதால் மேலே நின்று எட்டிப் பார்த்தோம்.

அப்படி நின்றபோதுதான் எங்கள் அருகில் இருந்த சீடர் மரம் கண்ணில் பட்டது. ஒரு துளி மண்கூட இல்லாத பாறை வெடிப்பிலிருந்து புறப்பட்டு, முதலில் கீழ்நோக்கி வளைந்து, பிறகு மேலே திரும்பி நின்றது. ஒரு பக்கம் பட்டை உரிந்து எலும்புபோல வெளுத்திருக்க, மறுபக்கத்தில் மட்டும் பசுமையான இலை இருந்தது. குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் டக் லார்சனும் அவருடைய குழுவினரும் 1980களின் பிற்பகுதியில் இந்தப் பாறைத் தொடரின் சீடர் மரங்களில் வளையங்களை எண்ணத் தொடங்கியபோது, ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த மரங்கள் உயிரோடு நிற்பது தெரியவந்தது. ஒவ்வொரு வேரும் தண்டில் தனக்கு நேரான பகுதிக்கு மட்டுமே நீர் கொடுப்பதால், பாறை இடிந்து ஒரு வேர் செத்தாலும் தண்டின் அந்தப் பகுதி மட்டும் காய்ந்துபோகிறது, மற்றப் பகுதி வாழ்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தத் தீபகற்பத்தின் காடுகளை மரவியாபாரிகள் ஏறக்குறைய மொட்டையடித்தார்கள். வெட்டிய மரங்களைத் தண்ணீருக்குள் உருட்டிய இடம் ஒன்று இன்றும் பூங்காவுக்குள் அந்தத் தொழிலின் பெயரையே தாங்கி நிற்கிறது. வெட்டி மிஞ்சியதைத் தீ தின்றது. நாங்கள் நடந்துவந்த நிழல் முழுவதும் அதன் பின்னர் முளைத்த இளங்காடு. கோடாரியும் தீயும் எட்டாத செங்குத்துப் பாறையில் நின்றவை மட்டுமே பழைய காட்டில் மிச்சம். இப்போது அவற்றை எட்டுவது எங்கள் கால்கள்தாம். படம் எடுக்க வசதியான விளிம்புகளில் வேர்கள் மிதிபட்டுத் தோலுரிந்து கிடந்ததைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. முன்னைய இரண்டு பயணங்களில் நானும் அதே வேர்களின் மேல் ஏறித்தான் நின்றிருப்பேன்.

குகையிலிருந்து சற்றுத் தொலைவில், வெள்ளைக் கற்கள் குவிந்த கரை ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் மார் ஏரியிலிருந்து ஆறோ ஓடையோ வெளியேறுவதைக் காண முடியாது. தண்ணீர் கற்களுக்கு அடியாலேயே விரிகுடாவுக்குப் போய்ச் சேருகிறது. நான் இதை விளக்கத் தொடங்கியபோது அம்மா என்னை இடைமறித்தார்.

"இது எங்கட கீரிமலை மாதிரியெல்லோ இருக்கு. அங்கையும் நல்ல தண்ணி கல்லுக்குள்ளாலதானே வருது."

சுண்ணாம்புக்கல் நிலத்தில் பிறந்து, கிணற்றை நம்பி வாழ்ந்தவருக்கு, தண்ணீர் நிலத்துக்கு அடியில் நடப்பதைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்க எதுவும் இருக்கவில்லை. கற்களின் மேல் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த இடியப்பத்தையும் சம்பலையும் சாப்பிட்டோம். தண்ணீரில் கை வைத்த அம்மா குளிர் தாங்காமல் உடனே எடுத்துவிட்டார்.

நேரம் முடிய ஒரு மணித்தியாலம் இருந்தபோது திரும்பினோம். பாதை பாறையை விட்டுக் காட்டுக்குள் ஏறும் இடத்தில், ஒரு வெடிப்பில் சாண் உயரமும் இல்லாத சீடர் ஒன்று நின்றது. கன்று என்று நினைத்து அம்மா குனிந்து பார்த்தார். இந்தப் பேரேரிப் பகுதிப் பாறையில் வளர்ந்த ஒரு சீடர் 155 ஆண்டுகளில் பத்துச் சென்ரிமீற்றர் அளவே உயர்ந்திருந்ததாகப் பதிவு இருக்கிறது என்று சொன்னேன்.

"அப்ப இது என்னிலும் மூத்ததோ?" என்று கேட்டார்.

"இருக்கலாம், அம்மா."

அவர் கைத்தடியை அதன் வேரிலிருந்து ஓர் அடி தள்ளி ஊன்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றிக் கடந்தார்.