திரும்பி வந்த சட்டைகள்

நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஆண்களுக்கான சட்டை பிராண்டு ஒன்றை நடத்துகிறார்கள். இருவருக்கும் பகலில் வேறு வேலை. நான் பங்குதாரர் இல்லை, வார இறுதியில் போய்க் கூடமாட நிற்பவன். பீஸ் எண்ணுவது, பிசிறு நூல் வெட்டுவது, மடித்துக் கவரில் போடுவது, ஸ்டாலில் நிற்பது என்று எது இருந்தாலும் செய்வேன். கேட்கிறவர்கள் எல்லாம் டிசைன் பற்றியும் இன்ஸ்டாகிராம் படங்கள் பற்றியும்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தத் தொழிலில் நடக்கிற வேலைகளிலேயே முக்கியமானது, திரும்பி வந்த சட்டைகளை மேசையில் விரித்து அளந்து பார்ப்பதுதான் என்பேன்.

தொழிலைப் பதிவு செய்வது இங்கே சிங்கப்பூரில் பெரிய விஷயமே இல்லை. தொழில்களைப் பதிகிற அரசு அமைப்பான அக்ராவில் பெயருக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி, ஆன்லைனிலேயே முடிந்துவிடும். கஷ்டம் துணியில் ஆரம்பிக்கிறது. சிங்கப்பூரில் சட்டை போடுகிறவன் ஒரே நாளில் இரண்டு ஊர்களில் வாழ்கிறான், எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது முதுகோடு ஒட்டுகிற புழுக்கம், ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலகத்துக்குள் போனால் விறைக்க வைக்கிற ஏசி. பாலியெஸ்டர் கலந்த துணி கசங்காது என்பது உண்மைதான், ஆனால் வியர்வை வாடை அதை விட்டுப் போகாது. லினன் காற்றோட்டமானது, உட்கார்ந்து எழுந்தால் மடிப்பு மடிப்பாகிவிடும். அதனால் இவர்கள் எடுப்பது 120 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள பருத்தி பாப்லின், அப்புறம் சீர்சக்கர். சீர்சக்கரை நெய்யும்போது சில இழைகளை இறுக்கமாகவும் சிலவற்றைத் தளர்வாகவும் விடுவார்கள், துணி சுருக்கம் சுருக்கமாக எழும்பி நிற்கும், தோலில் முழுதாகப் படியாது. இந்த ஊர் வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமான துணியை நான் போட்டதில்லை.

துணி ஈரோட்டில் வாங்கி அங்கேயே ஒரு சின்ன யூனிட்டில் தைத்து வருகிறது. பெரிய யூனிட்டுகள் ஒரு கலருக்கு 300 பீஸாவது எடுத்தால்தான் பேசவே செய்கின்றன, இவர்களால் அது முடியாது, அதனால் பீஸுக்குக் கூலி கூடக் கொடுத்துக் கொஞ்சமாகத் தைக்கிறார்கள். சிங்கப்பூரில் துணிமணிக்குச் சுங்கத் தீர்வை கிடையாது, ஆனால் விமானத்தில் வருகிற சரக்கின் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால் 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. வருட விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டுகிற நிறுவனங்கள் அந்த வரிக்குப் பதிந்துகொண்டு, கட்டியதைத் திரும்பக் கோரலாம். பதியாத சின்னக் கடைக்கு அது அப்படியே அடக்கவிலையில் ஏறிவிடும். “தேக்காவில் 15 வெள்ளிக்கே சட்டை இருக்கே தம்பி” என்று ஸ்டாலில் யாராவது கேட்கும்போது இதையெல்லாம் விளக்க நேரம் இருக்காது. கையில் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்வோம், அவ்வளவுதான்.

இனி நான் சொல்ல வந்தது. வாங்கியவர் துவைத்துப் போட்ட சட்டையையும் இவர்கள் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். கடைக்காரர்கள் கேட்டால் பைத்தியமா என்பார்கள். ஆனால் துவைக்காமல் திரும்பி வருகிற சட்டை, போட்டவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. நாலு முறை துவைத்து, ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பில் காய்ந்து, பிறகு திரும்பி வருகிற சட்டைதான் உண்மையைச் சொல்கிறது. ஒரு முறை தைத்து வந்த லாட்டில் கழுத்துப் பட்டன் போடவே முடியவில்லை என்று வரிசையாகத் திரும்பின. அளந்து பார்த்தால் கணக்கு தெளிவாக இருந்தது. 40 சென்டிமீட்டர் காலர் 3 விழுக்காடு சுருங்கினாலே 1.2 சென்டிமீட்டர் போய்விடும், ஒரு விரல் நுழைகிற இடம் அது. உடம்பு நீளமும் குறைந்திருந்தது, பாவு வாக்கில், அதாவது துணியின் நீளவாக்கில், சுருக்கம் பெரும்பாலும் அதிகம். சில காலர்களில் விறைப்புக்காக உள்ளே ஒட்டிய கேன்வாஸ் துணி ஒட்டு விட்டுக் குமிழ் குமிழாக எழும்பியிருந்தது, ஒட்டும்போது சூடோ அழுத்தமோ போதவில்லை.

சிராங்கூன் சாலைப் பக்கம் சாம்பிள் தைத்துக் கொடுக்கிற மாஸ்டரிடம் எடுத்துப் போனோம். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “துணிய நனைக்காம வெட்டுனா இப்படித்தான் வரும் தம்பி. வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ தண்ணி காட்டுங்க” என்றார். அதிலிருந்து ஒவ்வொரு துணி உருளையிலிருந்தும் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்து, துவைத்துக் காயவைத்து அளந்த பிறகுதான் வெட்டுவதற்கான பேட்டர்னுக்கே போகிறார்கள். அந்த அளவுகளை நோட்டில் எழுதி வைப்பது என் பொறுப்பு.

நோட்டில் அடிக்கடி வருகிற இன்னொரு குறை நீளம். இங்கே பாதிப் பேர் சட்டையை உள்ளே விடுவதில்லை. இன் பண்ணுவதற்காக வளைத்து வெட்டிய நீளமான அடிப்பகுதி வெளியே தொங்கினால் இரவல் சட்டை மாதிரி தெரியும். அடியை நேராக வெட்டி, பேன்ட் ஜிப்பின் பாதியில் முடியும்படி குறைத்த பிறகு அந்தப் புகார் நின்றது. ராணுவம் போன்ற கட்டாயத் தேசிய சேவை முடித்து முதல் வேலைக்குப் போகிற பையன்கள் வேறு மாதிரி, தோள் அகலமாகிவிட்டிருக்கும், இடுப்பு ஒல்லியாகவே இருக்கும். அவர்களுக்கு எம் சைஸ் பத்தாது, எல் சைஸ் பை போலத் தொங்கும். நாற்பதைத் தாண்டிய அண்ணன்களுக்கு நேர் எதிர், தோள் எம், வயிறு எல். அவர்களில் ஒருவர் ஸ்டாலில் மனைவி முன்னால் பட்டனை இழுத்துப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் ஹேங்கரில் மாட்டிப் போனபோது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. தவறு அவர் உடம்பில் இல்லை, எங்கள் அளவில்.

தீபாவளி லாட்டுக்கு இதனால்தான் புதிய கலர் எதுவும் வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது. அதே நீலக் கட்டம், அதே சைனீஸ் காலர். தோள் எம் அளவில், வயிற்றில் மட்டும் 6 சென்டிமீட்டர் கூட்டி ஒரு புது அளவு சேர்க்கிறார்கள். சாம்பிள் வந்துவிட்டது. போட்டுப் பார்க்க எம்முக்கும் எல்லுக்கும் நடுவில் சிக்கியிருக்கிற ஆட்கள் வேண்டும், சனிக்கிழமை சாயங்காலம் வர முடிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள். சட்டையை வீட்டுக்கு எடுத்துப் போய், நன்றாகத் துவைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும்.