இகோமா மலைப் பிள்ளையார்

யப்பானின் நாரா நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இகோமாவை ரயில் யன்னலால் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒசாக்காவில் ஏறினால், மலையைக் குடைந்த சுரங்கம் முடிந்ததும் வருகிற ஊர் அது. ஆராய்ச்சி மாணவனாக நான் குடியிருந்தது அங்கேதான். சென்ற இலையுதிர் காலத்தில் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு திரும்பவும் போய் வந்தேன்.

மானிப்பாய் மருதடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் பரீட்சை எழுதப் போன நமக்கு, இந்த ஊரைப் பற்றித் தெரியத்தான் வேண்டும். அந்த மலையிலும் பிள்ளையார் இருக்கிறார். ஹோசன்ஜி, 1678இல் தன்காய் என்ற துறவி நிறுவிய பௌத்தக் கோயில். மூலவர் ஃபுதோ என்ற காவல் தெய்வம் என்றாலும், சனம் மலையேறுவது ஷோதென் சானைக் கும்பிடத்தான். அவர்தான் நான் சொன்ன பிள்ளையார். யானைத் தலையோடு இருவர் தழுவி நிற்கும் உருவம் அவருடையது. இந்தியாவில் புறப்பட்டுச் சீனா வழியாக, மந்திர பௌத்தத்தோடு யப்பானுக்கு வந்து சேர்ந்தவர். அவரை யாருக்கும் காட்டமாட்டார்கள். மூடிய சந்நிதிக்குள் துறவிகள் சூடாக்கிய எண்ணெயால் அவருக்கு முழுக்காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளில் எனக்கு மேல் சிலிர்த்தது. எண்ணெய்க்காப்பு அவ்வளவு தூரம் போயிருக்கிறது!

படையலும் அப்படித்தான். முள்ளங்கி, அரிசி மது, அப்புறம் எண்ணெயில் பொரித்த ஓர் இனிப்பு. மாவுக்குள் பயறுப் பூரணம் வைத்து, மேலே கூட்டிப் பிடித்திருப்பார்கள், பார்த்தால் மோதகம்தான். கோயிலில் எங்கு திரும்பினாலும் இரட்டை முள்ளங்கியும் காசுப்பையும் செதுக்கியிருக்கும்.

காசுப்பைக்கு ஒரு கதையும் உண்டு. 1914இல் அந்தச் சுரங்கத்தை வெட்டி ரயில் விட்ட கம்பனி கடனில் மூழ்கியபோது, இந்தக் கோயில்தான் உண்டியல் காசைக் கடனாகக் கொடுத்துக் கைதூக்கிவிட்டது. நான்கு வருடத்தில், 1918இல், அடிவாரத்திலிருந்து கோயில் பக்கம் கேபிள் ரயில் வந்தது. யப்பானிலேயே அதுதான் முதலாவது. இப்போது அந்தப் பெட்டிகளுக்கு நாய், பூனை முகம் வைத்திருக்கிறார்கள். மகளுக்குச் சரியான சந்தோசம். எனக்கு நடந்து ஏறுவதுதான் பிடிக்கும். பழைய விடுதிகளுக்கு நடுவே கற்படிகள், இரண்டு பக்கமும் விளக்குத் தூண்கள்.

என்னை முதலில் அந்தப் படிகளில் கூட்டிப் போனவர் வீட்டுக்கார அம்மா. சின்னத் துணிக்கடை வைத்திருந்தார். மாதம் 1ஆம், 16ஆம் தேதிகளில் ஷோதென் சானுக்கு விசேஷம். அவர் 1ஆம் தேதி தவறமாட்டார். 'அவரிடம் வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும், விளையாட்டில்லை' என்பார். அங்கே நேர்த்திப் பலகைகளில் மனம் என்று பொருள்படும் எழுத்தின் மேல் பூட்டு வரைந்திருக்கும். குடியை, சூதை, இத்தனை வருடத்துக்குத் தொடமாட்டேன் என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். அவர் ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்லுவார். யப்பானியரின் பக்தியை நான் அறிந்தது அந்த அம்மாவிடம்தான். இந்த முறை போனபோது அவர் இல்லை, கடையும் இல்லை. அவர் பெயரில் முள்ளங்கி வாங்கி வைத்தேன்.

நாராவுக்கும் போனோம். அங்குள்ள தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752இல் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீளமான கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். எல்லாருக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்கு வேண்டும் என்று யோசித்த மனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோயின் களஞ்சியத்தில் இன்றும் இருக்கின்றன.

நம்மவர் யாராவது அந்தப் பக்கம் போனால், நாரா ரயிலிலேயே இகோமாவில் இறங்குங்கள். 1ஆம் தேதியோ 16ஆம் தேதியோ அமைந்தால் நல்லது. ஏறும்போது படிகளில் நடந்து போங்கள், இறங்கக் கேபிள் ரயில் இருக்கிறது.