வேஃபேரர் படகின் பெரிய பாய்க்குச் சுருக்குக் கயிறு அமைத்த அனுபவம்

பழைய வேஃபேரர் படகு ஒன்றை வாங்கி, ரொறன்ரோவின் வெளித்துறைமுகத்தில் நானும் மகளும் ஓட்டத் தொடங்கி இது மூன்றாவது கோடை. இயன் புரொக்டர் 1957இல் வடிவமைத்த இந்த 4.82 மீற்றர் படகு இருவருக்கு மிகவும் ஏற்றது. ஆயினும் காற்று 10 நொட்டிலிருந்து (ஒரு நொட்டு என்பது மணிக்கு ஒரு கடல்மைல் வேகம்) 15 நொட்டுக்கு ஏறும்போது பாயின்மேல் விழும் விசை இரண்டேகால் மடங்காகிவிடுவதால், எங்கள் இருவரின் உடல் எடையை மட்டும் வைத்துப் படகை நிமிர்த்திப் பிடிக்க முடியாத கட்டம் விரைவிலேயே வந்துவிடும். மே மாதத்தில் ஒன்ராறியோ ஏரியின் நீர் 10 பாகை செல்சியசுக்கும் குறைவாகவே இருக்கும்; அந்த நீரில் மகளோடு கவிழ்வதை நான் நினைத்துப் பார்க்கவும் விரும்பவில்லை. ஆகவே இந்த ஆண்டு படகை நீரில் இறக்குவதற்கு முன்பே, நடு ஏரியில் வைத்துப் பாயைச் சுருக்க ஓர் ஒழுங்கான ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைத்தண்டைப் பூம் என்பார்கள்; படகோடு வந்த பூம் சுழலும் வகையைச் சேர்ந்தது. பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிற்றைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக்கொண்டே பூமைச் சுழற்றினால், படுக்கைப் பாயைச் சுருட்டுவது போலப் படகுப் பாய் அதன்மேல் சுருண்டுகொள்ளும். கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், பாயின் முன்விளிம்பில் தைத்திருக்கும் தடித்த கயிறு ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருண்டு முன்பக்கத்தைப் பருக்கச் செய்வதால், ஒவ்வொரு சுற்றிலும் முன்பக்கம் அதிகத் துணியையும் பின்பக்கம் குறைவான துணியையும் உள்வாங்குகின்றன. அதன் விளைவாகப் பூமின் பின்நுனி தலைக்கு மேலே தொங்கத் தொடங்குகிறது. பூமைக் கீழ்நோக்கி இழுத்து வைக்கும் வாங் கயிற்றையும் கழற்ற வேண்டியிருப்பதால், காற்று வலுக்கும் வேளையில் பாயின் வடிவத்தைக் கட்டுப்படுத்த நம் கையில் ஒன்றுமே மிஞ்சுவதில்லை.

அதனால் பாய் தைப்பவரிடம் கொடுத்து, அடிவிளிம்பிலிருந்து ஏறத்தாழ 90 செ.மீ. உயரத்தில் முன்விளிம்பில் ஒன்றும் பின்விளிம்பில் ஒன்றுமாக இரண்டு வலுவான கண்வளையங்களையும், அவற்றுக்கு இடையே மூன்று சிறு துளைகளையும் வைத்துத் தைக்கச் சொன்னேன். முன்வளையத்தின் வேலை சுலபமானது: பாய்மரத்தின் ஒரு பக்கத்தில் கட்டிய கயிறு வளையத்தின் ஊடாகச் சென்று, மறுபக்கத்தில் உள்ள கிளீட்டில், அதாவது கயிற்றைப் பிடித்துவைக்கும் கவ்வியில், இறுகிவிடும். பின்வளையத்தின் கயிறுதான் என் இரண்டு வார இறுதிகளை எடுத்துக்கொண்டது. அந்தக் கயிறு பூமின் இடப்பக்கக் கண்ணில் கட்டப்பட்டு, மேலே ஏறி வளையத்தின் ஊடாகச் சென்று, வலப்பக்கம் இறங்கி ஒரு கப்பியில் திரும்பி, பூமின் ஓரமாக முன்னே ஓடி கிளீட்டுக்கு வருகிறது. 6 மி.மீ. பொலியெஸ்டர் கயிற்றையே தெரிந்தெடுத்தேன். அதைவிட மெல்லியது பாரத்தைத் தாங்கினாலும் நனைந்த கையை அறுக்கும்.

கப்பியை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் முதலில் தவறினேன். காற்றில்லாத ஒரு காலையில், படகு இழுவண்டியின்மேல் இருக்கும்போதே பாயை முழுவதும் ஏற்றி, பின்வளையத்திலிருந்து தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அது பூமைத் தொட்ட இடத்தில் பென்சிலால் குறியிட்டு, கண்ணையும் கப்பியையும் அங்கேயே தறையாணியால் பொருத்திவிட்டேன். தொங்கிய பாயில் வயிறு இருந்ததால் வளையம் அதன் உண்மையான இடத்தைவிட முன்தள்ளி நின்றது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஏரியில் சுருக்கிப் பார்த்தபோது கயிறு வளையத்தைக் கீழே இழுத்ததே தவிரப் பின்னே இழுக்கவில்லை. பாயின் அடிப்பகுதி பை போலத் தொங்கியது. காற்று வலுக்கும்போது தட்டையாக இருக்க வேண்டிய பாய் முன்னைவிட உப்பி நின்றது. படகு ஓயாமல் காற்றை நோக்கித் திரும்ப முயன்றதால் சுக்கானைப் பிடித்திருந்த என் தோள் கடுத்துப்போயிற்று.

இரண்டாம் முறை பாயைச் சுருக்கிய உயரத்துக்கே ஏற்றி, முன்வளையத்தைக் கட்டி, பின்வளையத்தைக் கையால் பின்னே இழுத்துத் துணி விறைக்கும்வரை பிடித்துக்கொள்ள, மகள் குறியிட்டாள். புதிய குறி பழையதற்கு 6 செ.மீ. பின்னே விழுந்தது. அதற்கும் 4 செ.மீ. பின்னே கப்பியைப் பொருத்தினேன். அந்தச் சிறு இடைவெளிதான் கயிறு ஒரே இழுப்பில் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் வேலை செய்யக் காரணம். பழைய துளைகளை அலுமினியத் தறையாணிகளாலேயே அடைத்தேன்.

செய்யும் ஒழுங்கையும் பழகிக்கொண்டோம். முன்பாயை எதிர்ப்பக்கம் பிடித்துப் படகை ஏறக்குறைய நிறுத்தி வைத்துவிட்டு, பெரிய பாயை உள்ளிழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றையும் வாங்கையும் தளர்த்தி, ஆஞ்சானைக் குறிவரை இறக்கி, முன்வளையத்தைக் கட்டி, ஆஞ்சானை மீண்டும் இறுக்கிய பின்னரே பின்கயிற்றை இழுக்கிறோம். ஒரு முறை பின்கயிற்றை முதலில் இழுத்துவிட, பாய்மரப் பள்ளத்துக்குள் இருந்த முன்விளிம்பு முழுவதும் பின்னோக்கி இழுபட்டு இறுகிக்கொண்டது. அதை விடுவிக்க மீண்டும் தொடக்கத்துக்கே போக வேண்டியிருந்தது. நடுத் துளைகளில் உள்ள கயிறுகள் தொங்கும் துணியைச் சேர்த்துக் கட்டுவதற்கு மட்டுமே உரியவை என்பதால் அவற்றைத் தளர்வாகவே கட்டுகிறோம். பாயை மறுபடி விரிக்கும்போது அவற்றை முதலில் அவிழ்க்க மறந்தால், பாரம் முழுவதும் அந்தச் சிறு துளைகளில் விழுந்து துணி கிழிந்துவிடும்.

ஆஞ்சானில் இட்ட குறி சிவப்பு நூலை நெருக்கமாகச் சுற்றித் தைத்தது. நீர்த்திவலை கண்ணில் அடிக்கும்போதும் அந்தத் தடிப்பு விரலில் படுவதால், குனிந்து பார்க்காமலே நிறுத்த முடிகிறது. சென்ற ஞாயிறு பிற்பகல் தென்மேற்குக் காற்று 16 நொட்டைத் தொட்டபோது, மகள் முன்பாயைப் பிடித்திருக்க, நான்கு நிமிடங்களில் சுருக்கி முடித்தோம். அடிவிளிம்பு பலகை போல நின்றது, சுக்கானை இரண்டு விரலால் பிடிக்க முடிந்தது. கரைக்கு வந்து பார்க்கையில், பின்வளையத்தின் ஊடாகச் செல்லும் இடத்தில் கயிற்றின் மேலுறை சற்றுச் சிலும்பியிருந்தது. அடுத்த வாரம் அந்தக் கயிற்றை ஒரு சாண் அளவு நகர்த்திக் கட்டி, வளையத்தின் உள்விளிம்பில் சொரசொரப்பு ஏதும் உள்ளதா என்று தடவிப் பார்க்க வேண்டும்.